பூதத்துக்குக் கொடுத்த சொற்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் நால்வருக்கும்,

போன வாரம் என்னை அலுவலகத்துக்கு அழைத்துப் பேசச் சொன்னபோது உங்களில் ஒருவர் கேட்டார்: "குழந்தைக் கதைக்கு இல்லாத சொல்லை எப்படி மேடம் உண்டாக்குறது?" நான் பதில் சொன்னேன். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பள்ளிக்கூடத்தில் வாசித்துப் பாருங்கள், சின்னப் பிள்ளைகள் பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள் என்றேன். நீங்கள் நால்வரும் குறித்துக்கொண்டீர்கள். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அது பாதிதான். மீதியை மேசைக்கு முன்னால் உட்கார்ந்து சொல்ல எனக்கு வாய் எழவில்லை. எழுதினால் வரும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

இந்தப் பதிப்பகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு பெற்றேன். அதில் இருபது ஆண்டுகள் மற்றவர்கள் எழுதிய குழந்தைக் கதைகளைச் செப்பனிடுவதுதான் என் வேலை. எனக்கே எனக்கென்று நான் எழுதிய முதல் கதை, உங்கள் கையில் முதல் நாளே கொடுத்திருப்பார்களே, அந்தத் 'தொட்டிப் பூதம்'. பள்ளிக்கூடத்து மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியில் ஒரு குட்டிப் பூதம் குடியிருக்கிறது. ஒருநாள் அது இறங்கி வந்து ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு நம் பேச்சு தெரியாது. அதற்கென்று தனிச் சொற்கள் உண்டு. டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை, பிள்ளைகளுக்கு மட்டும் புரிகிறது. கதை அவ்வளவுதான். ஆகவே அந்தப் பூதம் பேசும் சொற்கள் விழுந்தால், அதாவது பிள்ளைகள் வாயில் ஒட்டிக்கொண்டால், கதை நிற்கும், விழாவிட்டால் கதையே இல்லை.

முதலில் நானாகத்தான் சொற்களைச் செய்தேன். இரண்டு வாரத்தில் முப்பத்தோரு சொற்கள். தண்ணீருக்குக் 'குளுகுளுந்தி'. இட்லிக்கு 'வெண்பஞ்சாண்டி'. விளக்குக்குப் 'பளிச்சுப்பூ'. ஒவ்வொன்றும் எதிலிருந்து வந்தது என்பதைக்கூடப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

எங்கள் பதிப்பகத்தைத் தொடங்கியவரை நீங்கள் பார்த்ததில்லை. நீங்கள் வருவதற்குள் அவர் பாரிஸில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். நீண்ட காலம் பிரான்சில் வேலை பார்த்துப் பென்ஷனோடு காரைக்காலுக்குத் திரும்பியவர். தெருவில் எல்லோரும் அவரைப் பிரெஞ்சு மரியாதையில் 'முசே' என்பார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு கதையையும் ஏதாவது ஒரு பள்ளியில் வாசித்துக் காட்ட வேண்டும். அவர் கடைசி பெஞ்சில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வாசித்து முடித்ததும் கிளம்ப விடமாட்டார். இடைவேளை மணி அடிக்கும்வரை இருந்து, விளையாட்டுத் திடல் ஓரமாக நிற்க வேண்டும்.

"வகுப்புல சிரிக்கிறது மரியாதைக்கும்மா. டீச்சர் நிக்கிறாங்கல்ல. வெளிய போயி அந்தச் சொல்ல வச்சுக் கத்துதுங்களான்னு கேளு. கத்துச்சுன்னா வச்சுக்க. இல்லன்னா தூக்கிப் போடு" என்பார்.

கோவில்பத்தில் ஒரு பள்ளியில் என் முப்பத்தோரு சொற்களோடு வாசித்தேன். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். இடைவேளையில் ஒருவர் வாயிலும் ஒரு சொல்கூட இல்லை. தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்ற ஒரு பெண் குழந்தை மட்டும் என்னிடம் வந்து, "மிஸ், அந்தப் பூதம் தமிழ் மிஸ்ஸா?" என்று கேட்டாள்.

முசே திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்தார். "கரெக்டா கண்டுபிடிச்சுட்டா பாரு. நீ செய்யிற சொல்லுக்குள்ள எல்லாம் அர்த்தம் உக்காந்திருக்கும்மா. படிச்சவங்க செஞ்சதுன்னு மோந்து பாத்தாலே தெரியுது."

சொற்களை மாற்றி மூன்று முறை மேலும் வாசித்தேன். மூன்றும் விழவில்லை. நான்காவது தோல்விக்குப் பிறகு முசே சிரிக்கவில்லை. "இன்னும் ஒரு தடவ. அதுவும் இல்லன்னா இந்தப் புத்தகத்த மூடிட்டு வேற பாப்போம்" என்றார். பதினான்கு மாதம் அந்தக் கதையோடு இருந்தவள் நான். அன்று மதியம் என்னால் சாப்பிட முடியவில்லை என்று நாட்குறிப்பில் இருக்கிறது.

அந்த மதியச் சாப்பாட்டு மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே தினமும் எனக்கு எதிரில் உட்காருபவள் வளர்மதி. பக்கங்களை வடிவமைப்பவள். அம்பகரத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவள். என்னை அக்கா என்பாள். அவளுக்கு ஒரே மகள், தாரணி. அந்தக் குழந்தை நான்கு வயதுவரை பேசவில்லை. பேசத் தொடங்கியபோது நம் சொற்களில் பாதியும் அவளாக வைத்துக்கொண்ட சொற்களில் பாதியுமாகப் பேசினாள். வளர்மதி அவற்றை நடித்தே காட்டுவாள்.

"தண்ணிக்கு 'லபூ'க்கா. நாய்க்கு 'ஓவா'. கரண்ட்டு போச்சுன்னா 'ஹும்மாச்சு'ம்பா. நேத்து கரண்ட்டு போயிடுச்சு. எங்க வீட்டுக்காரரு இருட்டுல நின்னுகிட்டு, 'ஏய் வளரு, ஹும்மாச்சு, மெழுகுவத்தி எங்க?'ங்கறாரு. அவருக்கே அதான் வருது!"

"நீயும் அப்படித்தான் பேசுறியா வீட்ல?"

"பின்ன? அவ நம்ம பேச்சுக்கு வர்ற வரைக்கும் நாம அவ பேச்சுக்குப் போவோம்னு டாக்டரே சொல்லிட்டாரு. எனக்கு ஜாலிதாங்க்கா. இட்லிக்கு 'மெத்தோ'வாம். சொல்லிப் பாருங்க, இட்லிய விட மெதுவா இல்ல?"

நான் சொல்லிப் பார்த்தேன். இருந்தது.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதும் அன்று கேட்டதை நாட்குறிப்பில் எழுதிவிடுவது என் பழக்கம். அப்படித் தாரணியின் சொற்கள் ஒன்றொன்றாக என்னிடம் சேர்ந்தன. எதற்காகவும் சேர்க்கவில்லை. நல்லதைக் கேட்டால் எழுதுவேன், அவ்வளவுதான்.

அந்த ஜூனில் தாரணியை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். மூன்று வாரம் பள்ளியில் அவள் வாயே திறக்கவில்லை. வளர்மதிக்குக் கவலை முழுவதும் ஒரு விஷயத்தில்தான் இருந்தது. சிறுநீர் அவசரமாக வந்தால் தாரணி சொல்லும் சொல் 'ஜிம்மாலி'. அதைச் சொன்னால் உடனே ஓட வேண்டும், தாங்க மாட்டாள். வளர்மதி வகுப்பு டீச்சரைப் பார்த்து விஷயத்தைச் சொல்லி, ஒரு தாளில் எழுதியும் கொடுத்துவிட்டு வந்தாள். நான்காவது வாரம் திங்கட்கிழமை, தாரணி எழுந்து போய் டீச்சரின் காதில் 'ஜிம்மாலி' என்றாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் பேசிய முதல் சொல் அது.

மறுநாள் வளர்மதி அலுவலகத்துக்கு ஒரு டப்பா நிறைய கேசரி கொண்டுவந்தாள். "எம் பொண்ணு ஸ்கூல்ல பேசிட்டா!" என்று மேசை மேசையாகப் போய்க் கொடுத்தாள். முசேயிடமும் கொடுத்தாள். அவர் என்ன பேசினாள் என்று கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. அந்தச் சொல் எங்கள் இருவரைத் தவிர அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.

நான்காவது வாசிப்பு தோற்ற மறுநாள், நாட்குறிப்பைப் புரட்டி, தாரணியின் சொற்களில் ஏழு எடுத்துப் பூதத்துக்குக் கொடுத்தேன். பொருளைக்கூட மாற்றவில்லை. தண்ணீர் லபூ, நாய் ஓவா, இட்லி மெத்தோ. ஒன்பதாம் பக்கத்தில் பூதத்துக்கு வகுப்பில் அவசரமாக வருகிறது, டீச்சருக்குப் புரியவில்லை. அங்கே ஜிம்மாலியை வைத்தேன். அரை மணி நேரத்தில் கதைக்கு உயிர் வந்துவிட்டது. யாரையும் கேட்கவில்லை.

பக்கம் அமைக்க வளர்மதியிடம்தான் போக வேண்டும். போனது. கணினியில் திறந்து படித்தவள் நாற்காலியோடு என் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"என்னக்கா இது, எம் பொண்ணு பேசுறதெல்லாம் போட்டு வச்சிருக்கீங்க!"

"உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கென்ன? புத்தகத்துலயே வருது, சந்தோசம்தான்." மேலே படித்துக்கொண்டே போனாள். ஒன்பதாம் பக்கத்தில் சுட்டியை நிறுத்தினாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அக்கா, இது மட்டும் வேணாங்க்கா. மத்ததெல்லாம் வீட்டுல விளையாட்டுக்குப் பேசுறது. இத ஸ்கூல்ல சொல்றாள்ல. இது கதையில வந்து புள்ளைங்க சிரிச்சுதுன்னா அவ சொல்ல மாட்டா."

அவள் கேட்டது அவ்வளவுதான். ஏழில் ஒன்று. அந்த நிமிடமே பேனாவை எடுத்து அடித்துவிட்டு வேறொன்றை எழுதியிருக்கலாம். ஆனால் அந்த ஏழில் அதுதான் கதையைத் தூக்கி நிறுத்துகிற சொல் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"வாசிப்புக்கு மட்டும் இருக்கட்டும் வளர்மதி. கோவில்பத்துலதானே வாசிக்கப் போறோம். அச்சுக்குப் போறதுக்குள்ள மாத்திடுறேன்" என்றேன். அவள் எதிரிலேயே நாட்குறிப்பில் எழுதினேன்: 'ஜிம்மாலி: மாற்றவும்.'

"நீங்க எழுதிட்டீங்கன்னா நடந்த மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்க்கத் திரும்பினாள். நான் ஒழுங்கானவள் என்று எல்லோரும் நம்பினார்கள்.

வாசிப்பு நாள் ஒரு வியாழக்கிழமை. காலையில் கோவில்பத்துப் பள்ளியிலிருந்து போன் வந்தது. ஆய்வுக்கு ஆள் வருகிறார்களாம், வேறு நாள் வாருங்கள் என்றார்கள். முசேக்குத் தள்ளிப்போடுவது பிடிக்காது. வேறு எங்கோ பேசிவிட்டு, "கிளம்பும்மா" என்றார். வண்டி திருநள்ளாறு தாண்டிய பிறகுதான் எங்கே போகிறோம் என்று கேட்டேன்.

"நம்ம வளர்மதி ஊருதான். ஹெட்மாஸ்டர் எனக்குப் பழக்கம். ஒண்ணாங் கிளாஸே குடுத்துட்டாரு. அவ பொண்ணும் அங்கதான படிக்குது? பாக்கலாம்" என்றார்.

கதைத் தாள்கள் என் மடியில் இருந்தன. பேனா பையில் இருந்தது. ஒன்பதாம் பக்கத்திலும் பத்தாம் பக்கத்திலுமாக அந்தச் சொல் ஆறு இடங்களில் வருகிறது. போய்ச் சேர இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ஆறு இடத்தில் அடித்து வேறு சொல் எழுத இரண்டு நிமிடம் போதும். பேனாவை எடுத்தேன். மூடியைக்கூடத் திறந்தேன். வேறு சொல் ஒன்றும் தோன்றவில்லை என்று சொன்னால் அது பொய். 'டப்புளூ' என்று ஒன்று தோன்றியது. ஆனால் அது விழுமா என்று தெரியாது. ஜிம்மாலி விழும் என்று தெரியும். இது கடைசி வாய்ப்பு. பக்கத்தில் முசே. குழந்தை இன்று பள்ளிக்கு வராமலும் இருக்கலாம் என்று நினைத்தேன். வந்தாலும், தன் சொல் கதையில் வந்தால் சந்தோஷப்படுவாள் என்றும் நினைத்தேன். ஒரே நேரத்தில் இரண்டு காரணம் தேவைப்பட்டது என்பதிலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பேனாவை மூடிப் பையில் வைத்தேன்.

அவள் வந்திருந்தாள். இரண்டாவது வரிசையில் ஜன்னல் ஓரம், சிவப்பு ரிப்பன் கட்டிய இரட்டைப் பின்னல். அலுவலகத்துக்கு ஒருமுறை வந்தபோது என்னைப் பார்த்திருக்கிறாள். அடையாளம் தெரிந்து பாதி சிரித்தாள். வகுப்பு டீச்சர் என்னை அறிமுகம் செய்துவிட்டு அங்கேயேதான் நின்றார். சிறிது நேரத்தில் ஹெட்மாஸ்டர் எதற்கோ கூப்பிட, தாழ்வாரத்துக்குப் போனார். முசே பின்னால் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் தொடங்கினேன்.

பூதம் முதல்முறையாக 'லபூ' என்றபோது தாரணி நிமிர்ந்தாள். 'ஓவா' வந்ததும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பி, மற்றவர்களுக்கும் இது கேட்டதா என்று பார்த்தாள். தெரியாத ஊர் பஸ் நிலையத்தில் யாரோ நம் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவோமே, அப்படி. 'மெத்தோ' வந்தது. மெத்தோ என்றால் என்ன என்று பிள்ளைகளைக் கேட்டுவிட்டு நான் நிறுத்தினேன். கதையில் அது ஒரு விளையாட்டு. ஆளுக்கொன்று சொன்னார்கள். தலையணை என்றான் ஒருவன், மேகம் என்றாள் ஒருத்தி. தாரணி பக்கத்தில் இருந்த பெண்ணின் காதில் ஏதோ சொன்னாள். அந்தப் பெண் எழுந்து, "மிஸ், இட்லி! இவ சொல்றா!" என்று கத்தினாள். வகுப்பே தாரணியைப் பார்த்தது. இரண்டு பக்கங்களுக்கு அந்த வகுப்பில் எல்லாம் தெரிந்த பிள்ளை அவள்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சொன்னாள். வாய்விட்டுச் சொன்னாள்.

ஒன்பதாம் பக்கம் வந்தது. பூதம் பெஞ்சில் நெளிகிறது. 'ஜிம்மாலி' என்கிறது. டீச்சர், "என்ன, ஜிம்மாலியா? அது எந்தப் பாடம்?" என்கிறார். வகுப்பு சிரித்து உருண்டது. இரண்டாம் முறை வந்தபோது என்னோடு சேர்ந்து கத்தினார்கள். மூன்றாம் முறைக்கு நான் வாய் திறக்கும் முன் தாரணி எழுந்து நின்றாள்.

"ஜிம்மாலி" என்றாள்.

பாவாடையைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். டீச்சரின் நாற்காலி காலியாக இருந்தது. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். இந்த அத்தைக்கு இந்தப் பேச்சு தெரியும், இவரிடம் சொன்னால் புரியும் என்று நம்பித்தான் சொன்னாள். ஆனால் வகுப்பு அவளைப் பூதமாகப் பார்த்தது. இவ்வளவு நேரம் எல்லாம் தெரிந்தவள் இப்போது நடித்தே காட்டுகிறாள் என்று நினைத்தது. முப்பது பிள்ளைகளும் கை தட்டி, "ஜிம்மாலி! ஜிம்மாலி!" என்றார்கள். பின்னால் முசே கண்ணைத் திறந்து சிரித்தார்.

அந்த அறையில் அவள் என்ன கேட்கிறாள் என்று தெரிந்தவள் நான் ஒருத்தி.

கையைக் காட்டி, "உக்காரு கண்ணு, இதோ முடிஞ்சிடும்" என்றேன். இன்னும் ஒரே ஒரு பக்கம் இருந்தது. அவ்வளவு சிரிப்பை முந்தைய நான்கு வாசிப்புகளில் நான் கேட்டதில்லை. அது நின்றுவிடக் கூடாது என்று வாசித்தேன்.

பத்தாம் பக்கம் முடிந்தது பதினொன்று இருபத்து நான்குக்கு. தொடங்கியது இருபத்திரண்டுக்கு. இரண்டு நிமிடம். அதற்குள் அவளுக்குப் பக்கத்தில் இருந்த பெண் தரையைப் பார்த்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு மற்றவர்களும் பார்த்தார்கள். சிரிப்பு நிற்கவில்லை, வேறு மாதிரி ஆனது. டீச்சர் ஓடி வந்து தாரணியைத் தூக்கிக்கொண்டு போனார். அவள் அழவில்லை. போகும்போது டீச்சரின் தோளுக்கு மேல் என்னையே பார்த்துக்கொண்டு போனாள்.

இடைவேளையில் திடல் முழுக்க அந்தச் சொல்தான். முசே என் கையைப் பிடித்துக் குலுக்கி, "விழுந்துடுச்சும்மா!" என்றார். அந்தக் குழந்தை யார் என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. நானும் சொல்லவில்லை. அன்றைய நாட்குறிப்பு இப்படி இருக்கிறது: 'ஒன்றாம் வகுப்பு. ஏழு சொற்களும் விழுந்தன. பக்கம் ஒன்பதில் பெரும் சிரிப்பு.' தாரணியின் பெயர் அந்தப் பக்கத்தில் இல்லை. இருபத்தாறு ஆண்டுகளில் நான் எழுதிய பொய் அந்த ஒரு பக்கம்தான். அதிலும் எழுதிய எதுவும் பொய்யில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் வளர்மதி கேட்டாள்: "எப்படிக்கா போச்சு?" "நல்லாப் போச்சு" என்றேன். எந்தப் பள்ளி என்று சொல்லவில்லை. சாயங்காலம் டீச்சர் அவளிடம் சொல்லிவிட்டார்.

மறுநாள் அவள் வழக்கமான பஸ்ஸில்தான் வந்தாள். வழக்கமான நேரத்துக்குக் கணினியைத் திறந்தாள். பதினோரு மணிக்குத் திரும்பாமலே கேட்டாள்: "அக்கா, ஒன்பதாம் பக்கம். மாத்தணும்னு எழுதி வச்சிருந்தீங்களே. என்ன போடட்டும்?"

அப்போதாவது 'டப்புளூ' என்று சொல்லியிருக்கலாம்.

"முசே அதை எடுக்க வேண்டாங்கறார் வளர்மதி. அதுதான் கதைக்கு உயிர்ங்கறார்" என்றேன்.

அவர் அப்படிச் சொன்னது உண்மை. ஆனால் யாருடைய சொல், என்ன நடந்தது என்று நான் அவரிடம் சொல்லியிருந்தால், அந்த நிமிடமே எடுக்கச் சொல்லியிருப்பார். அவரை எனக்கு அவ்வளவு தெரியும். அதனால்தான் சொல்லவில்லை.

வளர்மதி அந்தப் பக்கத்தைத் திரையில் திறந்தாள். "அவரு சொன்னா சரிங்க்கா" என்றாள். அந்தப் பக்கத்தை அவள் கையாலேயே வடிவமைத்தாள். ஜிம்மாலி என்ற சொல்லுக்குக் கொஞ்சம் பெரிய எழுத்து போட்டு, பூதத்தின் வாயிலிருந்து துள்ளி வருவது மாதிரி வளைத்து வைத்தாள். நன்றாக வந்திருக்கும், பாருங்கள். வேலையில் ஒரு குறை வைக்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் அதன் பிறகு வேறு மேசைக்குப் போய்விட்டாள்.

வகுப்பில் தாரணிக்கு ஜிம்மாலி என்றே பெயர் விழுந்தது. அந்த ஆண்டு முழுவதும் அவள் பள்ளியில் பேசவில்லை. வீட்டில் பேசினாள், ஆனால் தன் சொற்களை ஒவ்வொன்றாக விட்டுவிட்டாள். முதலில் 'தண்ணி' என்றாளாம். பிறகு 'நாய்'. இதெல்லாம் வேறு மேசையில் வளர்மதி மற்றவர்களிடம் சொல்லி என் காதில் விழுந்தவை. இரண்டாம் வகுப்பில் பள்ளியிலும் பேசத் தொடங்கினாள். டாக்டர் மகிழ்ந்தார். எப்படியும் இந்த வயதில் மாறியிருப்பாள், இது நல்லதுதான் என்றாராம். இருக்கலாம். நான் அப்படி நினைத்துக்கொள்ளப் பல முறை முயன்றிருக்கிறேன்.

ஒருநாள் மாடிப்படியில் எதிரெதிரே வந்துவிட்டோம். ஒதுங்க இடமில்லை. "தாரணி நல்லாப் பேசுறாளாமே" என்றேன்.

"நல்லாப் பேசுறாக்கா. எல்லாருக்கும் புரியுதுங்கறாங்க." ஒரு படி இறங்கி நின்றாள். "எங்கிட்டயும் அப்படியேதான் பேசுறா" என்றாள்.

அவள் இறங்கிப் போன பிறகும் நான் படியிலேயே நின்றேன்.

இதிலிருந்து உங்களுக்குச் சொல்ல எனக்குப் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. வேலை சம்பந்தமாக ஒன்று மட்டும் சொல்கிறேன். கூட வேலை செய்பவர் ஒரு சொல்லை எடுக்கச் சொன்னால், அவர் உங்கள் மேசையை விட்டு நகரும் முன் எடுத்துவிடுங்கள். பிறகு என்று குறித்து வைக்காதீர்கள். குறித்து வைப்பது செய்தது போலவே இருக்கும். எனக்கு அது எப்போதும் அப்படித்தான் இருந்தது. இன்னொன்று: வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒரு குழந்தை எழுந்து நின்றால் கதையை நிறுத்துங்கள். சிரிப்பு போனால் போகட்டும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், உங்களோடு பேசிவிட்டு வந்த அன்று மாலை காரைக்கால் பஸ் நிலையத்தில் அவர்களைப் பார்த்ததுதான். வளர்மதியும் தாரணியும் அம்பகரத்தூர் பஸ்ஸுக்கு நின்றார்கள். தாரணிக்குப் பத்து வயது. ஐந்தாம் வகுப்பு. நான் பார்க்காத மாதிரி போய்விட நினைத்தேன். அதற்குள் வளர்மதி, "வாங்கக்கா" என்றாள். ஓய்வு பெற்ற பிறகு அவள் என்னிடம் பேசியது அதுதான் முதல் முறை.

"இவங்கதான் தொட்டிப் பூதம் எழுதுனவங்க" என்று மகளிடம் சொன்னாள்.

தாரணி என்னை முகம் நிமிர்த்திப் பார்த்தாள். அடையாளம் தெரிந்த சாயல் எதுவும் அந்தப் பார்வையில் இல்லை. "எங்க ஸ்கூல் லைப்ரரில இருக்கு ஆன்ட்டி. சின்ன கிளாஸ் புள்ளைங்களுக்கு நான்தான் படிச்சுக் காட்டுவேன். மெத்தோ, லபூ எல்லாம் சொன்னா செமையா சிரிக்குங்க. அந்த வார்த்தையெல்லாம் யாரு கண்டுபிடிச்சது? நீங்களா?"

நான் வளர்மதியைப் பார்த்தேன். அவள் தலையை மிக லேசாக அசைத்தாள். வேண்டாம் என்று. இத்தனை ஆண்டுகளில் அவள் என்னிடம் கேட்ட இரண்டாவது விஷயம் அது. இந்த முறை தள்ளிப்போடவில்லை.

"ஆமாம்மா. நான்தான்" என்றேன்.

"எப்படி ஆன்ட்டி தோணும்? எங்க மிஸ் அஞ்சு வார்த்த புதுசா யோசிச்சு எழுதிட்டு வரச் சொன்னாங்க. ரெண்டு நாளா உக்காந்து பாக்குறேன், எனக்கு ஒண்ணுகூட வரல."

அன்று காலை உங்களுக்குச் சொன்ன அதே பதில்தான் என் வாயில் வந்தது. "சின்னப் புள்ளைங்க பேசுறத நல்லா கவனிச்சுக் கேளு. அதுங்ககிட்ட நிறைய இருக்கும்" என்றேன்.

தாரணி கொஞ்சம் யோசித்தாள்.

"எங்க வீட்ல சின்னப் புள்ளைங்க யாரும் இருந்ததே இல்லயே ஆன்ட்டி" என்றாள்.

வளர்மதி முகத்தைத் திருப்பி, வருகிற பஸ்ஸின் பலகையைப் படிக்கத் தொடங்கினாள். அது அவர்கள் பஸ் இல்லை. ஆனாலும் கடைசி எழுத்துவரை படித்தாள்.